நோட்டீஸில் காலியாக இருக்கும் ஒரு வரி: நெல்லைச் சீமையில் புதிய பேச்சாளருக்கு மேடை கிடைக்கும் வழி

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய அச்சகம். கொடை விழாவுக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, நோட்டீஸ் அடிக்க வந்திருக்கிறார் ஒரு விழாக் குழுக்காரர். கால்நாட்டு, குடியழைப்பு, மதியக் கொடை, வில்லிசை, சாமக் கொடை, அன்னதானம் என்று எல்லாவற்றுக்கும் நேரமும் பெயரும் எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். ‘சிறப்புரை’ என்ற சொல்லுக்கு நேரே மட்டும் ஒன்றும் இல்லை. “அந்த எடத்த மட்டும் விட்டுட்டு அடிச்சு வைங்க, அண்ணாச்சி. ஆள் கேட்டிருக்கு. சாயங்காலம் பேர் சொல்லுதேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அன்று வேறு வேலையாக அங்கே நின்றுகொண்டிருந்தேன். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் ‘புதுசா வாரவனுக்கு யாரு மேடை தாரா’ என்று வீட்டில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். அதே இரண்டு வருடத்தில் எத்தனை ஊரில் இந்த வரி இப்படிக் காலியாகக் கிடந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. அவர்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவர்களைத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். அந்த வரி எந்த மாதத்தில், எந்த ஊரில், யார் கையில் காலியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அச்சுக்குப் போகும் முன்னால் போய் நிற்பதுதான் மேடை தேடும் வேலை. நான் படிப்படியாகக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூன்று தலைப்பு

‘எந்தத் தலைப்பு கொடுத்தாலும் பேசுவேன்’ என்று சொல்லாதீர்கள். கேட்கிறவருக்கு அதனால் உதவி இல்லை. நோட்டீஸில் அவர் ஒரு தலைப்பு போட்டாக வேண்டும். அதையும் அவரே யோசிக்க வேண்டும் என்றால், போன வருடம் வந்தவரையே கூப்பிட்டுவிடுவார்.

மூன்று தலைப்பு போதும். ஒவ்வொன்றையும் பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம் என்று மூன்று அளவில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடப் பேச்சை வேகமாகப் பேசினால் பத்து நிமிடப் பேச்சு ஆகிவிடாது. பத்து நிமிடத்துக்கு ஒரே ஒரு சம்பவமும், அதிலிருந்து சொல்ல ஒரே ஒரு செய்தியும் போதும். என் முதல் ஊர் மேடையில் முக்கால் மணி நேரத்துக்குத் தயார் செய்துகொண்டு போனேன். மேடை ஏறும்போது “தம்பி, வில்லுக்காரங்க வந்துட்டாங்க, பத்து நிமிசத்துல முடிச்சிருங்க” என்றார்கள். எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுப் பேசினேன். கீழே இருந்தவர்களுக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, மூன்று அளவிலும் பேச்சை எழுதி வைத்ததுதான்.

என்ன தலைப்பு எடுப்பது? நம் மண்ணிலிருந்து எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. தன்னம்பிக்கை, வெற்றி, விடாமுயற்சி என்று பேச நாடு முழுவதும் ஆள் இருக்கிறார்கள். சனங்களும் அதைக் கைபேசியில் கேட்டு முடித்துவிட்டார்கள். ஆனால் 1908-இல் தாமிரபரணிக் கரையில் நம் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் கூடி வ.உ.சி. பேசியதையும் சுப்பிரமணிய சிவா பேசியதையும் கேட்டார்கள். மார்ச் 12-இல் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. அரசுக்கு எதிராகப் பேசியதற்கும் சிவாவுக்கு உறுதுணையாக இருந்ததற்கும் சேர்த்து வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை. வண்ணார்பேட்டையிலும் கைலாசபுரத்திலும் இருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதை ஒருவர் முன்னால் நின்று சொல்லியிருக்கிறார்கள்? பேச்சுக்காகச் சிறை போன மண்ணில் நின்று பேசுகிறோம் என்ற நினைப்பே பேசுகிறவர் குரலை மாற்றும்.

அப்படி எடுக்க நிறைய இருக்கிறது. இடையன்குடியின் செம்மண் தேரிக்கு நடுவே குடியிருந்து 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், நெல்லையில் பள்ளிக்கூடம் படித்த பாரதி, ராஜவல்லிபுரத்தில் 1896-இல் பிறந்து ‘சொல்லின் செல்வர்’ என்று பேர் வாங்கிய ரா.பி. சேதுப்பிள்ளை, ஆதிச்சநல்லூரின் தாழிகள். இலக்கியம் வரலாறுதான் பேச வேண்டும் என்பதும் இல்லை. பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளைப் பற்றி, எந்த மடையில் எப்போது தண்ணீர் விடுவார்கள், முன்பு எப்படி விட்டார்கள் என்று பேசினால் அம்பாசமுத்திரத்திலும் சேரன்மகாதேவியிலும் விவசாயிகள் நகராமல் கேட்பார்கள். செவிலியராக இருக்கும் ஒரு அக்கா சர்க்கரை நோய் பற்றிப் பேசினால் அதற்கு ஒவ்வொரு தெருவிலும் ஆள் உண்டு. உங்கள் தொழிலில் நீங்கள் கைப்பட அறிந்தது ஒன்று கட்டாயம் இருக்கும். மூன்றில் ஒன்று அதுவாக இருக்கட்டும்.

முதல் ஆறு மாதம் எங்கே பேசுவது

நூலகத்தில் தொடங்குங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலும் பல கிளை நூலகங்களிலும் வாசகர் வட்டம் இருக்கிறது. கூட்டத்துக்கு இருபது பேர் வரலாம், பன்னிரண்டு பேரும் வரலாம். ஆனால் வருகிறவர்கள் கவனித்துக் கேட்கிறவர்கள். அங்கே கவிதை வாசிக்க ஆள் கிடைத்துவிடும். ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து இருபது நிமிடம் அறிமுகம் செய்து பேச ஆள் கிடைப்பது கடினம். முதல் இரண்டு மாதம் பார்வையாளராகப் போய் உட்காருங்கள். மூன்றாவது மாதம் நூலகரிடம், “அடுத்த கூட்டத்துக்கு இந்தப் புத்தகத்தை நான் பேசட்டுமா, சார்?” என்று புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த வாரம் நூலகங்களில் விழா நடக்கும், பேச ஆளும் தேவைப்படும். செப்டம்பரிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

அடுத்தது யாரும் மேடை என்று மதிக்காத ஒரு மேடை: பணி நிறைவு விழா. சித்தப்பாவோ அத்தையோ ஓய்வு பெறுகிறார்கள் என்றால் குடும்பத்தின் சார்பில் ஐந்து நிமிடம் பேச நீங்களே முன்வாருங்கள். ஆசிரியர்களில் பலர் கல்வியாண்டு முடிகிற மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுவதால் அப்போது மண்டபம் மண்டபமாக இந்த விழாக்கள் நடக்கும். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் தலைமையாசிரியர்கள், தமிழாசிரியர்கள், சங்க நிர்வாகிகள். உங்கள் பேச்சு அவர்கள் மனத்தில் நின்றால் பள்ளி விழாவுக்கு ஆள் தேடும்போது அந்த முகம் ஞாபகம் வரும். எனக்குக் கிடைத்த முதல் பள்ளி மேடை இப்படித்தான் வந்தது.

அப்புறம் நன்றியுரை. யாரும் விரும்பாத வேலை அது. கூட்டம் எழுந்துகொண்டிருக்கும்போது பேச வேண்டும். ஆனால் நன்றியுரை சொல்கிறவர் விழாக் குழுவோடு முதல் நாளிலிருந்து இருப்பார். தலைவர், செயலாளர், நன்கொடையாளர், பந்தல்காரர் என்று எல்லார் பேரும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தப் பேர்கள்தான் உங்களுக்கு முதல் முதலீடு. சிறப்புரையாற்றியவர் பேச்சில் நல்ல ஒரு வரியைப் பிடித்து நன்றியுரையில் சொல்லிப் பாருங்கள். அவரே உங்களைத் திரும்பிப் பார்ப்பார். நிகழ்ச்சித் தொகுப்பும் அப்படித்தான். ஒரு வருடம் தொகுத்து வழங்கியவருக்கு அடுத்த வருடம் பேச்சு கொடுக்க விழாக் குழு தயங்காது.

இவை எதுவும் உங்கள் ஊரில் இல்லையா? நீங்களே ஆரம்பியுங்கள். ரசிகமணி டி.கே.சி. வண்ணார்பேட்டையில் தம் வீட்டு முற்றத்திலேயே நண்பர்களைக் கூட்டிக் கம்பன் பாட்டைப் பேசினார். அதைத்தான் ‘வட்டத்தொட்டி’ என்று இன்றும் சொல்கிறோம். அதற்கு மேடையும் வேண்டியிருக்கவில்லை, மைக்கும் வேண்டியிருக்கவில்லை. உங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் கூடி ஆளுக்கு ஏழு நிமிடம் பேசுங்கள். நேரம் பிடிக்க ஒரு நல்ல முறை டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் உண்டு. 1924-இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பேச்சுப் பயிற்சி மன்றம் அது. அங்கே வழக்கமான பயிற்சிப் பேச்சு ஐந்திலிருந்து ஏழு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு காட்டுவார்கள். மூன்று வண்ண அட்டை வாங்கி வைத்துக்கொண்டு நாமும் செய்யலாம். நேரத்துக்குள் முடிப்பவர் என்ற பேர் நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய தகுதி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டுக்குள் பல பள்ளிகளில் இலக்கிய மன்றத் தொடக்க விழா நடக்கும். ஜூன் இரண்டாம் வாரம் தமிழாசிரியரைப் பார்க்க வேண்டும். தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் தமிழாசிரியர்தான். ஜூலை 18 தமிழ்நாடு நாள். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் என்று எல்லாருக்கும் தெரியும், 1872-இல் வ.உ.சி. பிறந்த நாளும் அதுவே என்பதைச் சொல்லிப் பாருங்கள், நம் பக்கத்துப் பள்ளி எதுவும் அந்தத் தலைப்பை வேண்டாம் என்று சொல்லாது. செப்டம்பர் 11 பாரதி நினைவு நாள், டிசம்பர் 11 பாரதி பிறந்த நாள், ஜனவரி 12 விவேகானந்தர் பிறந்த நாள், தை இரண்டு திருவள்ளுவர் நாள், பிப்ரவரி 21 தாய்மொழி நாள், மார்ச் 8 மகளிர் தினம். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பள்ளி ஆண்டு விழாக்கள் குவிந்து கிடக்கும். மார்ச் வந்துவிட்டால் பொதுத்தேர்வு. அப்போது பள்ளி வாசலில் போய் நிற்காதீர்கள்.

கல்லூரி என்றால் பலரும் முத்தமிழ் விழாவை மட்டும் நினைக்கிறார்கள். அதற்குப் பெரிய பேர்களைத்தான் கூப்பிடுவார்கள். புதியவருக்கு நாட்டு நலப்பணித் திட்ட முகாம்தான் வழி. மாணவர்கள் ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கி வேலை செய்வார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு கருத்துரை, மாலையில் ஊர் மக்களோடு ஒரு நிகழ்ச்சி என்று திட்டம் போடுவார்கள். ஏழு நாளுக்குப் பேச ஆள் தேடுவது திட்ட அலுவலருக்குப் பெரிய சுமை. பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. சவேரியார், யோவான், சாராள் தக்கர், சதக்கத்துல்லா அப்பா என்று நடந்தே போய்ப் பார்க்கலாம். கல்லூரிக்குப் போய் “திட்ட அலுவலரைப் பார்க்கணும்” என்று கேளுங்கள். ‘முகாமில் எந்த நாள் ஆள் வராமல் போனாலும் முந்தின நாள் ராத்திரி சொன்னால்கூட நான் வந்துவிடுவேன்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். அப்படிச் சொன்னவனை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே முகாமில் இரண்டு நாள் பேசினான்.

கொடை விழாக்கள் சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் நெருக்கமாக வரும். பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியை ஒட்டி இருக்கும். புரட்டாசியில் நவராத்திரி, ஐப்பசியில் கந்த சஷ்டி, மார்கழியில் திருப்பாவை திருவெம்பாவை. சமயம் பேசத் தெரிந்தவர்களுக்கு இவை தனி வாசல். மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் மீலாது விழா, தெற்கே தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் விழாவும் வாலிபர் ஐக்கியக் கூட்டங்களும் இருக்கின்றன. பிற மதத்தாரையும் பேச அழைக்கும் நல்ல வழக்கம் நம் பக்கத்தில் பல ஊர்களில் உண்டு. அப்படி அழைத்தால் மறுக்காமல் போங்கள். அவர்கள் வேதத்திலிருந்து ஒரு வரி சரியாகப் படித்துக்கொண்டு போங்கள்.

ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள், ஓய்வூதியர் சங்கம், வணிகர் சங்கம் ஆகியவற்றுக்கு வருடம் முழுக்கக் கூட்டம் உண்டு. கூட்டத்துக்கு ஒரு விருந்தினர் வேண்டும் என்பது அவற்றில் பலவற்றின் பழக்கம். செயலாளர் யார் என்று கேட்டுப் பிடித்தால் போதும். பாளையங்கோட்டையில் திருநெல்வேலி வானொலி நிலையம் இருக்கிறது. உங்கள் தலைப்புகளை எழுதி நிகழ்ச்சிப் பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள். மாவட்ட நிர்வாகம் நடத்தும் பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவின் மாலை மேடைக்கு முதல் வருடமே ஆசைப்பட வேண்டாம். பகலில் மாணவர்களுக்கென நடக்கும் நிகழ்ச்சிகளில் உதவிக்குப் போங்கள்.

யாருக்குத் தெரியும்?

எந்த ஊரில் எப்போது விழா என்று மைக் செட்காரருக்கு முதலில் தெரியும். தேதி குறித்ததும் அவரைத்தான் முன்பணம் கொடுத்துப் பிடிப்பார்கள். நோட்டீஸ் அடிப்பது அதற்குப் பிறகுதான். உங்கள் பகுதியில் இரண்டு மைக் செட்காரர்கள், ஒரு பந்தல்காரர், ஒரு அச்சகக்காரர் ஆகிய நாலு பேரோடு பழகிவிட்டால் ஒரு தாலுகாவின் விழாப் பட்டியலே உங்கள் கையில். மாதம் ஒரு தடவை டீக்கடையில் பார்த்தால் போதும்.

எப்படிக் கேட்பது

சுற்றி வளைக்காமல் கேளுங்கள். ஒரு உரையாடல் எப்படிப் போகும் என்று காட்டுகிறேன்.

“அண்ணாச்சி, வணக்கம். மேலச்செவல்ல இருந்து பேசுதேன். மைக் செட் அண்ணாச்சி உங்க நம்பர் தந்தாங்க. ஆடிக் கொடைக்கு ராத்திரி பேச்சு ஏதும் வச்சிருக்கீங்களா?”

“இன்னும் யாரையும் பேசல, தம்பி. போன வருசம் வந்தவரு ஒன்றரை மணி நேரம் பேசிட்டாரு. சனம் எந்திச்சுப் போயிட்டு.”

“நான் இருபது நிமிசம்தான், அண்ணாச்சி. வில்லுக்காரங்க உக்காருததுக்குள்ள முடிச்சிருவேன். போன மாசம் பேசுன வீடியோ மூணு நிமிசம் இருக்கு, அனுப்புதேன். பாத்துட்டுச் சொல்லுங்க. நோட்டீஸ் எப்ப அச்சுக்குப் போகுது?”

கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு தடவை மட்டும் திரும்பக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அந்த அண்ணாச்சி சொன்ன குறையைக் கவனித்தீர்களா? போன வருடம் வந்தவர் மோசமாகப் பேசினார் என்று சொல்லவில்லை, நீளமாகப் பேசினார் என்றுதான் சொன்னார். நான் பேசிய விழாக் குழுக்களில் பாதிக்கு மேல் இதே குறையைத்தான் சொல்லியிருக்கின்றன. ‘சொன்ன நேரத்துக்கு முடிப்பேன்’ என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், சொன்னபடி முடியுங்கள்.

வாட்ஸப்பில் அனுப்ப நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பேரும் ஊரும், செய்யும் தொழில், மூன்று தலைப்பு, இதுவரை பேசிய இரண்டு மூன்று இடங்கள். கூடவே ஒரு படம், நோட்டீஸில் போடுகிற அளவுக்குத் தெளிவாக. வீடியோ எடுக்கும்போது கைபேசியைப் படுக்கையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் முகமும் கேட்பவர்களில் சில முகங்களும் தெரிய வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் அனுப்பினால் யாரும் பார்ப்பதில்லை. பேருக்கு முன்னால் நீங்களே பட்டம் போட்டுக்கொள்ள வேண்டாம். பட்டம் ஊர் கொடுக்கட்டும்.

பட்டிமன்றத்துக்கு வேறு வழி

பட்டிமன்றப் பேச்சாளரை விழாக் குழு தேர்ந்தெடுப்பதில்லை. அவர்கள் நடுவரிடம் பேசி முடிப்பார்கள், அணியைச் சேர்ப்பது நடுவர். ஆகையால் நடுவரைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். பட்டிமன்றம் முடிந்து அவர் காரில் ஏறும்போது ஓடிப்போய்க் கேட்காதீர்கள். அப்போது அவருக்கு ஊர் போய்ச் சேருவதில்தான் நினைப்பு. இரண்டு நாள் கழித்துப் பேசுங்கள். அன்றைக்கு எந்த அணி பேச்சில் எந்த வாதம் நன்றாக இருந்தது என்று குறிப்பாகச் சொல்லிவிட்டு, “யாராவது வர முடியாமப் போனா என்னைக் கூப்பிடுங்க, ஐயா. ரெண்டு அணிக்கும் பேச நான் தயார்” என்று கேளுங்கள். பல பேர் இந்த மாற்று ஆளாகத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். அணியில் கடைசி இடம் தருவார்கள், எட்டு நிமிடம் கிடைக்கும். அந்த எட்டு நிமிடத்தில் முன்னால் பேசியவர் சொன்னதற்கு ஒரு பதிலாவது இருக்க வேண்டும். வீட்டில் எழுதி வந்ததை மட்டும் ஒப்பித்தால் நடுவர் மறுபடி கூப்பிட மாட்டார்.

ஊர் மேடையில் ஏறும்போது

ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். கோயிலில் கும்பிட்டுவிட்டு நேரே மைக் செட்காரரிடம் போய் “எக்கோவக் கொஞ்சம் குறைச்சிருங்க, அண்ணாச்சி” என்று சொல்லுங்கள். வில்லுப்பாட்டுக்கும் பாட்டுக்கும் வைத்திருக்கும் எதிரொலியில் பேச்சு கலங்கிவிடும். கடைசி வரிசைக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஒரு பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஊரைப் பற்றி விசாரியுங்கள். அவர் சொன்ன ஒரு செய்தியோடு பேச்சைத் தொடங்கினால் ஊரே நிமிர்ந்து உட்காரும்.

ஒலிபெருக்கி விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் தனி அனுமதி இல்லாமல் பேச முடியாது. ஆகவே ஒன்பதே முக்காலுக்குப் பேச்சு என்று நோட்டீஸில் போட்டால் அது உங்களுக்கு நல்லதில்லை. வில்லுக்கு முன்னால், எட்டு மணி வாக்கில் கேட்டு வாங்குங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். திசையன்விளைப் பக்கமோ களக்காட்டுப் பக்கமோ உள்ளே தள்ளி இருக்கும் கிராமத்தில் பஸ்ஸை விட்டுவிட்டால் விடிகிற வரை கோயில் திண்ணைதான். பேச வருகிற சகோதரிகள் இதைக் கூச்சப்படாமல் முன்கூட்டியே பேச வேண்டும்: ஏழு மணிக்குப் பேச்சு, கூட வருகிறவருக்கும் சேர்த்துப் போக வர வண்டி. நியாயமான விழாக் குழு எதுவும் இதை மறுக்காது. மறுத்தால் அந்த ஊருக்குப் போக வேண்டாம்.

இதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது சாதி. நம் பக்கத்துக் கோயில்களில் பல ஒரு தெருவும் ஒரு சமூகமும் சேர்ந்து நடத்துபவை. மேடை ஏறும் முன் யாராவது வந்து “நம்ம ஆளுங்களப் பத்தி ரெண்டு வார்த்தை எடுப்பா சொல்லுங்க” என்று கேட்பார். கைதட்டல் நிச்சயம் என்பதால் புதியவருக்கு ஆசையாக இருக்கும். செய்யாதீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில்கூடச் சாதி பார்த்த மாவட்டம் இது. மைக்கில் நீங்கள் ஒரு தெருவைத் தூக்கிப் பேசினால் அது பக்கத்துத் தெருவிலும் கேட்கும். இளவட்டங்கள் கைபேசியில் ராத்திரியே பரப்பிவிடுவார்கள். “சாமி கதையும் ஊர்க் கதையும் சொல்லுதேன், அண்ணாச்சி. அதுல எல்லாரும் வந்துருவாங்க” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு ஏறுங்கள். எனக்கு இதனால் இரண்டு மேடை போயிருக்கிறது. அந்த இரண்டுக்காக ஒரு நாளும் நான் வருந்தியதில்லை. தேர்தல் நேரத்தில் கட்சிப் பேச்சுக்கும் இதே பதில்தான்.

பணத்தை எப்படிப் பேசுவது

முதல் பத்துப் பதினைந்து பேச்சுக்குப் பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஆனால் வழிச் செலவைக் கையிலிருந்து போடவும் வேண்டாம். “நான் புதுசு, அண்ணாச்சி. போக வர வண்டிச் செலவு மட்டும் பாத்துக்கோங்க” என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடலாம். பள்ளி, நூலகத்தில் பொன்னாடையோ ஒரு புத்தகமோ தருவார்கள், அதோடு சரி. ஊர் விழாவில் கவர் கொடுப்பார்கள். எவ்வளவு என்று முன்பே பேசியிருந்தால் பிரித்து எண்ண வேண்டிய தேவை இருக்காது. நீங்களாகக் கேட்காமல் ஊர்கள் தேடி வந்து கூப்பிடத் தொடங்கிவிட்டால், அப்போது ஒரு தொகை சொல்லுங்கள். எல்லா ஊருக்கும் ஒரே தொகை. ஒரு ஊரில் குறைத்து வாங்கியது அடுத்த ஊருக்குத் தெரியாமல் போகாது. இரண்டு ஊருக்கும் மைக் செட்காரர் ஒருவர்தானே.

பணம் கேட்டு மேடை தருகிறவர்களிடம் மட்டும் கவனமாக இருங்கள். ‘உங்களுக்கு விருது தருகிறோம், பதிவுக் கட்டணம் இவ்வளவு’ என்றும், ‘மதிப்புறு முனைவர் பட்டம், மண்டபத்தில் பேச வாய்ப்பு’ என்றும் போன் வரும். எனக்கும் வந்தது, தெரியாமல் கட்டினேன். போய்ப் பார்த்தால் நூறு பேருக்கு மேல் வரிசையில் நிற்கிறார்கள். பேச ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை, ஒரு கேடயத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல புத்தகங்களாக வாங்கியிருந்தால் ஒரு வருடத்துக்குப் பேசச் சரக்கு இருந்திருக்கும்.

பேசி முடித்த மறுநாள்

காலையில் விழாக் குழுத் தலைவரைக் கூப்பிட்டு நன்றி சொல்லுங்கள். மேடைப் படம் இரண்டு கேளுங்கள். பேச்சு நன்றாக இருந்தது என்று அவர் சொன்னால் அப்படியே விட்டுவிடாமல், “உங்க சம்பந்தகாரங்க ஊர்ல, பக்கத்து ஊர்ல எங்கயாவது பேச ஆள் கேட்டா நம்ம பேரச் சொல்லுங்க, அண்ணாச்சி” என்று கேளுங்கள். கொடைக்கு வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளைகளும் மருமக்களும் உங்கள் பேச்சைக் கேட்டிருப்பார்கள். அவர்கள் ஊரிலும் கோயில் இருக்கிறது. என் மேடைகளில் பாதி இப்படிச் சம்பந்த வழியில் வந்தவை.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, ஊர், கூப்பிட்டவர் பேர், பேசிய தலைப்பு, சொன்ன கதைகள், எத்தனை நிமிடம், என்ன கொடுத்தார்கள். கதைகளை எழுதி வைப்பது எதற்கென்றால், அடுத்த வருடம் அதே ஊருக்குப் போய் அதே கதையைச் சொன்னால் முதல் வரிசையில் இருக்கும் பிள்ளைகள் உங்களுக்கு முன்னால் முடிவைச் சொல்லிவிடுவார்கள். கடைசிக் கட்டத்தில் ஒன்று எழுதுங்கள்: இந்த ஊர் நோட்டீஸ் எந்தத் தேதியில் அச்சுக்குப் போனது. அடுத்த வருடக் காலண்டர் வந்ததும் அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் வட்டம் போட்டு, பக்கத்தில் அண்ணாச்சியின் போன் நம்பரை எழுதிவிடுங்கள்.